அத்தையின் அடுப்பும் ஆடிக் காற்றும்

சகோதரிகளே, போன இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் பூஞ்சக்காளான் பிடிக்காமல் இருக்க வழி எழுதியிருந்தேன். இந்தத் தடவை சமையல் குறிப்பு கிடையாது. சமைக்கிற இடத்தைப் பற்றி எழுதப் போகிறேன். எங்கள் வீட்டுப் பழைய விறகடுப்பையும், அதன் தலைக்கு மேல் இருந்த புகைக்கூண்டையும் நாங்கள் சீர்திருத்திய கதை இது. கதையா அது, ஆறு மாதப் பாடு!

எங்கள் வீடு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடை தூரத்தில் இருக்கிறது. சிந்தாமணிப் பக்கம் ஒரு குறுகல் சந்து. ஓடு வேய்ந்த பழைய வீடு. விடியற்காலை நாலு மணிக்கு முதல் பஸ்ஸின் ஹாரனும் அத்தையின் இருமலும் சேர்ந்துதான் என்னை எழுப்பும்.

அத்தை என்றால் என் மாமியார். வயது எழுபத்தொன்று. மாமா போய் முப்பத்தேழு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இட்லி சுட்டுத்தான் என் வீட்டுக்காரரையும் என் நாத்தனாரையும் ஆளாக்கினார். தினம் நூற்றைம்பது இட்லி, ஒரு குண்டான் சாம்பார். ஆறு மணிக்குள் பஸ் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். லால்குடி வண்டி, துறையூர் வண்டி, முசிறி வண்டி கண்டக்டர்களுக்கெல்லாம் அத்தை இட்லி பழக்கம். பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டிய நாட்களில் வியாபாரம் படுத்துப் போனது. 2021-ல் புது நிலையம் திறந்தபிறகு மெல்ல எழுந்தது. இத்தனைக்கும் அத்தை ஒருநாள் சும்மா உட்கார்ந்ததில்லை.

இருமல் மட்டும் கூடிக்கொண்டே போனது. மாடிப்படி நாலு ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "வயசாச்சுடி, அவ்வளவுதான்" என்பார். போன வருஷம் மாசி மாதம் ஒரு ராத்திரி மூச்சு விடவே முடியாமல் திணறிவிட்டார். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு குழாயைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பார்த்துவிட்டு டாக்டர், "பாட்டிம்மா, பீடி, சுருட்டு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

அத்தைக்கு வந்ததே கோபம்! "என்ன பேச்சுப் பேசறீங்க? வெத்தலைகூடப் போட்டதில்லை நான்!"

டாக்டர் சிரிக்கவில்லை. "சமையல் எதுல பண்றீங்க?" என்றார்.

நான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், முப்பத்தேழு வருஷம் விறகுப் புகையில உட்கார்ந்திருக்காங்க. பீடி குடிக்காமலே வந்த நோய் இது" என்றார். சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதினார். மூச்சுக்குழாய்கள் நாளாவட்டத்தில் சுருங்கி, நுரையீரலிலிருந்து காற்று வெளியேற முடியாமல் அடைத்துக்கொள்கிற நோய். மருந்தை உறிஞ்சி மூச்சைச் சீராக வைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போன நுரையீரலைப் புதிதாக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் இவற்றால் வீட்டுக்குள் வரும் புகையால் 2020-ம் வருஷம் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் 2,37,000-க்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று, குழந்தைகளுக்கு நிமோனியா, கண்ணில் புரை என்று பட்டியல் நீளுகிறது. அடுப்பங்கரையில் அம்மா கண்ணைக் கசக்கினால் "வெங்காயமா?" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்?

சுருக்குப் பைக் காசு

என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "நாளையிலேர்ந்து இட்லி வியாபாரம் கிடையாது. நான் சம்பாதிக்கலையா?"

அத்தை அதற்கு மேல் நின்றார். "உன் சம்பாத்தியம் உன் குடும்பத்துக்கு. என் சுருக்குப் பையில என் காசு இருக்கணும். கோயில் உண்டியல்ல போட உன்கிட்ட வந்து கையேந்தி நிப்பேனா?"

வாஸ்தவம்தானே? நான் பேசாமல் இருந்தேன்.

கேஸ் அடுப்பில் செய்யலாமே என்பீர்கள். முதலில் நானும் அதைத்தான் சொன்னேன். வீட்டுச் சமையல் எல்லாம் எங்களுக்கு கேஸில்தான். ஆனால் வீட்டு உபயோக சிலிண்டரை வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது, அது சட்டம். வியாபார சிலிண்டர் வாங்கி இட்லி சுட்டால் லாபத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. அத்தை விரல் விட்டு எண்ணிக் காட்டிவிட்டார். விறகோ, தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்கச்சியும் தங்கையின் லால்குடித் தோப்பிலிருந்து சும்மா வருகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. கேஸோ மின்சார அடுப்போ உங்களால் முடியுமானால் அதுதான் உத்தமம். 2016-ல் வந்த உஜ்வலா திட்டத்தில் எத்தனையோ ஏழை வீடுகளுக்கு இணைப்பு கிடைத்தது. ஆனாலும் சிலிண்டரை ஓரமாக வைத்துவிட்டு விறகுக்குத் திரும்புகிற வீடுகள் இருக்கின்றன. காரணம் காசுதான். அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடுப்பை விட முடியவில்லையா, புகையையாவது விரட்டுவோம் என்று நான் முடிவு பண்ணினேன்.

யார் அடைத்தது?

எங்கள் அடுப்படியில் தரையோடு தரையாக ஒரு பழைய கோட்டை அடுப்பு. அதற்கு மேலே சுவரோடு சேர்த்துச் செங்கலால் கட்டிய புகைக்கூண்டு, கவிழ்த்த கூடை மாதிரி, ஓட்டைத் தாண்டி மேலே போகும். மாமாவின் அப்பா காலத்தில் கட்டியது. கூண்டு இருந்தும் புகை ஏன் அடுப்படியிலேயே சுற்றுகிறது என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. விறகடுப்பு என்றால் புகை இருக்கும், அவ்வளவுதான்.

கொத்தனாரை வரவழைத்து ஏணி போட்டு ஏறச் சொன்னேன். மேலேயிருந்து அவர் குரல் கொடுத்தார். "அக்கா, வாய் மூடியிருக்கு! தகரத்தை வச்சு மேலே நாலு செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசியிருக்காங்க. உள்ள புறாக்கூடு வேற!"

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும். அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துது. அடுப்புல தண்ணி ஒழுகி நெருப்பு அணைஞ்சு போச்சு. உங்க மாமாதான் ஏறி மூடினாரு. மழை விட்டதும் எடுத்துடறேன்னாரு. தை மாசம் அவரே போயிட்டாரு."

"அப்புறம் யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? பன்னெண்டு வயசுப் பையன் ஒண்ணு, ஒம்பது வயசுப் பொண்ணு ஒண்ணு. கொத்தனாருக்குக் கூலி குடுக்கிற காசுல ஒரு மரக்கா அரிசி வாங்கலாம்னு தோணும். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டேன். அப்புறம் பழகிப் போச்சு."

முப்பத்தேழு வருஷம்! ஒரு தகரமும் நாலு செங்கலும். கொத்தனார் அதைப் பெயர்த்துக் கீழே கொண்டுவந்து போட்டபோது தகரம் அப்பளமாய் நொறுங்கியது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவரே கூண்டுக்குள் கம்பு விட்டுக் கரியை உதிர்த்தார். நாலு கூடை கரி வந்தது.

வாயைத் திறந்தால் போதாது

வாயைத் திறந்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று அடுப்பை மூட்டினோம். பாதிப் புகை மேலே போனது, பாதி எங்களிடமே வந்தது. பெரிய ஏமாற்றம்.

அப்போதுதான் என் சித்தி ஒரு வழி சொன்னார். அவருடைய சிநேகிதி ஒருவர் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் இருக்கிறார். எண்பதுகளில் கிராம சேவிகாவாக இருந்து ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு போட்டவர். பெயரைப் போடாதே என்று கேட்டுக்கொண்டதால் 'சேவிகா அம்மா' என்றே எழுதுகிறேன். எழுபத்தைந்து வயதில் தனியாக பஸ் ஏறி சத்திரத்தில் வந்து இறங்கினார். காபியைக்கூட அப்புறம் என்று சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்க் கூண்டை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு பெரிய வாய்ல புகை போனா வழியிலேயே ஆறிடும். ஆறின புகை கனத்துப் போகும், மேலே ஏறாது. சூடா, குறுகலா, நேரா ஒரு குழாய் வேணும். கூண்டை இடிக்காதீங்க. அதுக்குள்ள குழாயை இறக்குங்க" என்றார்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாக்களில் குளிருக்கு நெருப்பு மூட்டுகிற கணப்பு இருக்குமே, அங்கேயும் இதே சங்கதிதானாம். திறந்த கணப்பில் அறையின் வெதுவெதுப்பில் பெரும்பங்கு புகைக்கூண்டு வழியாக ஓடிவிடும். கதவு வைத்த இரும்பு அடுப்பை அதற்குள் பொருத்தி, அதற்கென்று தனிக் குழாயைப் பழைய கூண்டுக்குள் விட்டு, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிட்டால் விறகும் குறைவு, புகையும் உள்ளே வராது. மலைப்பக்கத்து வாசகிகள் குறித்துக்கொள்ளுங்கள்.

சேவிகா அம்மா இந்த அடுப்பின் வரலாறும் சொன்னார். ஹைதராபாத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு என்பவர், என்ஜினீயரிங் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர், பெண்கள் படும் புகைத் தொல்லைக்காகவே குழாய் வைத்த மண் அடுப்பு ஒன்றைச் செய்து 1953-ல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். வார்தாவில், நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தில் 'மகன் சூலா' என்று ஓர் அடுப்பு வந்தது. மகன்லால் காந்தியின் பெயரில் அமைந்த மகன்வாடியில் பிறந்ததால் அந்தப் பெயர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 'அஸ்திரா ஒலெ' வந்தது; ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. 1983-ல் மத்திய அரசே திட்டம் போட்டு, 2002 வரைக்கும் நாடு முழுக்க மூன்று கோடிக்கு மேல் அடுப்பு போட்டார்கள்.

"மூணு கோடியா? அப்புறம் ஏன் எங்கேயும் காணோம்?" என்றேன்.

"போட்டுட்டு வந்தோம், திரும்பிப் போய்ப் பார்க்கலை. கணக்குக்கு ஆச்சு. குழாய்ல கரி அடைச்சா யார் எடுக்கிறது? பொம்பளை கூரை மேல ஏறுவாளா? ஆம்பளைக்கு அது அடுப்படி வேலை. அடைச்சதும் உடைச்சுத் தள்ளிட்டு மூணு கல்லை வச்சாங்க" என்றார். தான் போட்ட அடுப்பைப் பற்றியே அப்படி மனம் விட்டுச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அடுப்பு போட்ட விதம்

முதலில் கூண்டில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்தோம். வாயைத் தகரத்தால் மூடிவிட்டு, கீழே ஈர வைக்கோலைக் கொளுத்தி, வீட்டைச் சுற்றிச் சுவரில் எங்கே புகை கசிகிறது என்று பார்த்தோம். இரண்டு இடத்தில் கசிந்தது. அங்கே பூசினோம்.

அடுத்தது பாத்திரம். "உங்க பாத்திரத்தைக் கொண்டாங்க அக்கா" என்றார் சேவிகா அம்மா அத்தையிடம். இட்லிக் குண்டானின் அடியில் ஈரச் சுண்ணாம்பைத் தடவித் தரையில் வைத்து அச்சு எடுத்தார். சாம்பார் குண்டானுக்கும் அப்படியே. இரண்டு கண் வைத்த அடுப்பு. முதல் கண்ணில் இட்லி, இரண்டாம் கண்ணில் சாம்பார். பாத்திரம் கண்ணில் கச்சிதமாக உட்காராவிட்டால் அந்த இடுக்கு வழியாகத்தான் புகை வரும். ஊருக்கெல்லாம் ஒரே அச்சில் அடுப்பு போட்டது பெரிய தப்பு என்று அவர் சொன்னது இதனால்தான்.

மண்ணுக்குப் புற்றுமண், மணல், நறுக்கின வைக்கோல், சாணம். மூன்று நாள் புளிக்க வைத்து மிதித்தோம். முதல் கண்ணின் அடியில் இரும்புச் சட்டம். சாம்பல் கீழே விழவும் காற்று மேலே வரவும் அது வேண்டும். முதல் கண்ணிலிருந்து இரண்டாவதற்கு ஒரு சுரங்கம். இரண்டாம் கண்ணுக்கு அடியில் மண்ணால் ஒரு மேடு. ஓடுகிற தீயை அது பாத்திரத்தின் அடிக்குத் தூக்கிக் கொடுக்கும். அதற்கு அப்புறம் குழாய். குழாயின் அடியில் கரி எடுக்க ஒரு சின்ன வாசல், மூடி போட்டு.

குழாயில்தான் வேடிக்கை. கொத்தனார் ஒரு நாள் காலையில் வெள்ளை வெளேரென்று ஒரு பி.வி.சி. குழாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். "லேசா இருக்கும் அக்கா, துருப் பிடிக்காது." நெருப்பில் அது உருகி, விஷப்புகை விடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் யார் வீட்டிலோ கழித்துப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் குழாய்! அந்தக் காலத்தில் அதைத்தான் போட்டார்களாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்கு எமன் என்பது இப்போது தெரிந்த விஷயம். அதை அறுப்பதும் துளைப்பதும் கூடவே கூடாது. நுரையீரலுக்காக அடுப்பு போடுகிறோம், அதிலேயே இதுவா?

கடைசியில் பட்டறையில் ஐந்து அங்குல விட்டத்துக்குக் கறுப்பு இரும்புத் தகட்டை உருட்டி வாங்கினோம். மழையில் நனைகிற மேல்பகுதி மட்டும் எவர்சில்வர். துத்தநாகம் பூசின தகட்டை அடுப்பை ஒட்டிப் போட வேண்டாம். அதிகச் சூட்டில் அந்தப் பூச்சு புகையும். குழாயைத் துண்டு துண்டாகச் சேர்க்கும்போது மேல் துண்டு கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வடிகிற கீல் வெளியே கசியாது. குழாய்க்கும் மர உத்திரத்துக்கும் நடுவே ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். எங்களுக்குச் செங்கல் கூண்டு குறுக்கே இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கூண்டின் அடிவாயில் குழாயைச் சுற்றி ஓட்டாஞ்சில்லும் மண்ணும் வைத்து அடைத்தோம்.

இரண்டு வாரம் காயவிட்டோம். அதுவரை கொல்லையில் மூன்று கல் வைத்து, திறந்த வெளியில் அத்தை இட்லி சுட்டார். அவசரப்பட்டுப் பெருந்தீ மூட்டினால் மண் வெடித்துவிடும். தினம் கொஞ்சம் சுள்ளி எரித்து உலர்த்த வேண்டும்.

ஆடிக் காற்று வைத்த பரீட்சை

வைகாசியில் அடுப்பு எரிந்தது. என்ன அழகு! 'குர்ர்' என்று இழுத்துக்கொண்டு தீ உள்ளே ஓடியது. அத்தை புடவைத் தலைப்பை மூக்கில் வைக்காமல் இட்லி எடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆடி பிறந்தது. காவேரிப் பக்கத்துக் காற்று தெரியுமே, ஆளைத் தள்ளும். மூன்றாம் நாள் காலை 'பொஃப்' என்று ஒரு சத்தம். போன புகை எல்லாம் திரும்பி வந்து அடுப்படி இருண்டுபோனது. அத்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. "எல்லாம் வீண் செலவு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அழுகையே வந்தது.

சேவிகா அம்மாவுக்கு போன் போட்டேன். "குழாய் முகட்டுக்கு மேல எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார். முகட்டுக்குக் கீழேயே நின்றது! மேலே நீட்டினால் பார்க்க நன்றாயிருக்காது என்று கொத்தனார் அதோடு விட்டிருக்கிறார். போதாததற்குப் பக்கத்து வீட்டு மாடிச் சுவர் வேறு. சுவரில் மோதின காற்று சுழன்று குழாய்க்குள் இறங்கிவிட்டது. முகட்டைவிட இரண்டடியாவது உயரம் வேண்டும். பக்கத்தில் உயரமான சுவர் இருந்தால் அதற்கும் மேலே போக வேண்டும். நாலடி கூட்டி, மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டி, தலையில் ஒரு குல்லாயும் வைத்தோம். குல்லாய் குழாய் வாயை ஒட்டி உட்காராமல் ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கப்புறம் ஆடி முழுக்க ஒரு நாளும் புகை திரும்பவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள், "உங்க வீட்டுப் புகை என் மாடித் துணியில வாடை அடிக்குதே" என்று சொன்னது இந்த உயரத்தில்தான் தீர்ந்தது. நம் அடுப்படியை விட்டுப் போன புகை இன்னொருத்தி மூக்கில் ஏறக் கூடாது, இல்லையா? அதற்காகவே விறகை ஒரு கோடை முழுக்கக் காயவைத்துத்தான் இப்போது எரிக்கிறோம்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

பத்துக் கிலோ விறகு ஆன இடத்தில் இப்போது ஏழு கிலோ ஆகிறது. பாத்திரத்தில் கரி பாதிதான். அடுப்படிச் சுவருக்குத் தீபாவளிக்கு வெள்ளை அடித்தோம். பொங்கல் வரைக்கும் வெள்ளையாகவே இருந்தது. அத்தை அங்கே சமயபுரம் மாரியம்மன் படம் ஒன்று மாட்டியிருக்கிறார். "இத்தனை வருஷம் சாமியை இந்தப் புகையில மாட்டவா முடியும்?" என்றார்.

சாமியை மாட்ட முடியாத இடத்தில் முப்பத்தேழு வருஷம் அவர் உட்கார்ந்திருந்தார்.

இருமல் குறைந்திருக்கிறது. ராத்திரியில் தூங்குகிறார். ஆனால் மருந்தை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாடி ஏறினால் இன்னமும் நிற்கிறார். போன நுரையீரல் போனதுதான். பத்து வருஷம் முந்தி ஏணி போட்டு ஏறியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. இதுவும் முழுக்கப் புகையில்லா அடுப்பு அல்ல. விறகு தள்ளும்போது கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆகவே மூட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தீ பிடித்து அடங்கின பிறகுதான் அத்தை வந்து உட்காருவார்.

இன்னொரு விஷயம் படித்தேன். 2019-ல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்ளோ அம்மையாரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒடிசா கிராமங்களில் இப்படிப்பட்ட அடுப்பு கொடுத்த வீடுகளை நாலு வருஷம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் பெண்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. அப்புறம் பலன் காணாமல் போயிற்று. காரணம், வீடுகளில் அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை. சேவிகா அம்மா எங்கள் அடுப்படியில் நின்று சொன்னது அதேதான்!

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். குழாய் துடைப்பது ஆண்கள் வேலை. நீளக் கம்பியில் தேங்காய்நார்க் குஞ்சம் கட்டி, என் வீட்டுக்காரரோ பையனோ மேலேயிருந்து விட்டு இழுப்பார்கள். நாள் மறக்காமல் இருக்க ஒரு உபாயம் செய்தேன்: பதினைந்து நாளைக்கு ஒருமுறை இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வருகிறதல்லவா, அன்றைக்குக் குழாய் துடைத்தாக வேண்டும். துடைத்தால்தான் பத்திரிகையில் வந்த பலகாரம் செய்து கொடுப்பேன்!

மறக்கக் கூடாதவை

1. விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எரியும்போது முனையில் நுரைத்துச் 'சுர்' என்றால் ஈரம். ஈர விறகுதான் குழாயில் கீல் படிய வைக்கும். படிந்த கீல் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும்.

2. விறகை மெல்லியதாகப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். வாய் நிறைய அடைத்தால் காற்றுக்கு வழி ஏது?

3. அரளிக் கட்டை, வர்ணம் அடித்த பலகை, பிளாஸ்டிக், பால் கவர் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. பற்ற வைக்கக்கூட வேண்டாம். காய்ந்த பன்னாடை போதும்.

4. குழாய் இருந்தாலும் ஜன்னலைச் சாத்தாதீர்கள். மூடின அறையில் தணலோ கரி அடுப்போ வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மலைப்பிரதேசத்துச் சகோதரிகள் குளிர் நாளில் இதை முக்கியமாக நினைவில் வையுங்கள்.

5. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்ட வேண்டாம். கர்ப்பிணிகளும் புகையை விட்டு விலகியே இருங்கள்.

6. வீட்டில் யாருக்காவது மாதக்கணக்கில் இருமல் இருந்தால், "வயசு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அடுப்பைப் பற்றி அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நேற்றுக் காலை அத்தை இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே, "ஏன்டி, அந்தத் தகரத்தை நீயா எடுக்கச் சொன்னே, இல்லை கொத்தனாரே எடுத்தாரா?" என்று கேட்டார்.

"நான்தான் அத்தை. ஏன்?"

"ஒண்ணுமில்லை. உங்க மாமா எடுக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாரு. யாராவது எடுத்தாங்களே, அதுபோதும்."

பழைய வீட்டில் இருக்கிற சகோதரிகளே, இன்றைக்கே ஒரு தடவை உங்கள் அடுப்படிப் புகைக்கூண்டை அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் தெரிகிறதா? தெரியாவிட்டால், அடுத்த மாதம் என்று தள்ளிப் போடாமல் யாரையாவது ஏணி போட்டு ஏறச் சொல்லுங்கள்.